மாதா இறங்கிய தோணி

அத்தியாயம் பதினான்கு

பாய்மரத்தில் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

நாலு ஓரமும் பசை தடவி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. கடல் காற்றில் உறை படபடத்துக்கொண்டிருந்தது. ஜெனிஸ் துறையில் நின்றபடி அண்ணாந்து பார்த்தான். இங்கிருந்து எழுத்து தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. அதன் நகல் நேற்றே அவன் ஆபீசுக்கு வந்துவிட்டது. உயர் நீதிமன்ற முத்திரை. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் மனிதப் பெயர் கிடையாது. ‘தோணி அருள் ஸ்டெல்லா, பழைய துறைமுகம், தூத்துக்குடி.’

கப்பலைக் கைது செய்யலாம் என்று அவன் முதலில் படித்தது அஞ்சல் வழிப் பாடத்தில். கடல்சார் சட்டம், ஓர் அறிமுகம். நூற்றிருபது பக்கம். மனைவி ரீனாதான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

“தப்புப் பண்ணது முதலாளி. ஜெயிலுக்குப் போறது கப்பலா?”

“முதலாளி எந்தத் தேசத்துலயோ இருப்பான். கப்பலும் ஓடிப் போயிரும்லா. அதான் கப்பலையே ஒரு ஆளாட்டம் பாவிச்சுப் பிடிச்சு வைக்காங்க.”

“அப்ப வக்காலத்துல யாரு கையெழுத்துப் போடுவா? நங்கூரமா?”

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவள் கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. பாடப் புத்தகத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் வரைந்த நங்கூரம் அப்படியே இருக்கிறது.

இந்தக் காகிதம் ஏன் வந்தது என்று ஊருக்கே தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னால், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போன இந்தத் தோணி நடுக்கடலில் பலகை விட்டுத் தண்ணீர் வாங்கியது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். தண்டல் சிலுவை, ஜெனிஸின் மாமனார், நாலு பேரோடு சிறு படகில் இறங்கிவிட்டார். ஒருவன் மட்டும் தோணியிலேயே நின்றுகொண்டான். ஆன்டனி. சிலுவையின் மனைவி ஹில்டாவுக்கு அண்ணன் மகன்.

படகில் இறங்கியவர்களை ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்க் கொச்சியில் விட்டது. அவர்கள் ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது, ஆன்டனி ஒற்றை ஆளாகத் தோணியைக் கொண்டுவந்து துறையில் கட்டி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது; ரயிலடிக்குச் செய்தி எட்டவில்லை.

தோணி முங்கிவிட்டது, ஆன்டனி போய்விட்டான் என்று அழுதுகொண்டே வந்த சிலுவை, தோணி முழுசாக நிற்பதைப் பார்த்தார். அப்போது அவர் முகம் போன போக்கை ஜெனிஸ் பார்த்தான். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தத் தப்பு நடந்தது.

கடலில் விபத்து என்றால் கரைக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். புரோட்டஸ்ட் என்று பெயர். கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஜெனிஸ் அந்த மாதிரி எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறான். மாமனாருக்கும் அவனே செய்தான்.

‘என் உத்தரவின்பேரில் ஆன்டனி தோணியின் காவலுக்கு நிறுத்தப்பட்டான். நான் உதவி தேடிச் சென்றேன்.’

ரயிலடியிலிருந்து ஆட்டோவில் வரும்போது சிலுவை சொன்னது வேறு. எல்லாரையும் இறங்கச் சொன்னேன், ஆன்டனி மட்டும் வரமாட்டேன்னுட்டான் என்றார். தோணியைப் பார்த்த பிறகு, நான்தான் அவனை நிறுத்தினேன் என்று ஆரம்பித்தார். ஜெனிஸ் மறுக்கவில்லை. அதை நறுக்காக எழுதிக் கொடுத்தான்.

இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் சட்டம் நிற்கிறது. தோணியைக் கைவிடச் சொல்லித் தண்டல் உத்தரவு போட்டுவிட்டால் ஆட்களின் வேலை அந்த நிமிடமே முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவன் தன் இஷ்டத்துக்கு நின்று தோணியைக் காப்பாற்றினால், கடலில் பிறர் பொருளைக் காத்தவனுக்கு உள்ள பங்கு அவனுக்கு உண்டு. காவலுக்கு நிறுத்தப்பட்டவன் என்றால் எதுவும் கிடையாது. செய்தது அவன் வேலை. சம்பளத்தோடு சரி. அந்தப் பங்கைக் கேட்டு ஆன்டனி போட்ட வழக்கில்தான் தோணி கைதாகியிருந்தது.

சிலுவைக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு மானம் போகாமல் இருந்தால் போதும். ஜெனிஸுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரியைத் தட்டினான்.

“வாங்கண்ணே. ஒங்க கைதியப் பாக்க வந்தியளா?”

கயிறு கட்டும் இரும்புக் குத்தியின் மேல் ஆன்டனி உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு.

“விலங்கு மட்டுந்தான் மாட்டல” என்றான், தோணியைக் காட்டி.

“கை எப்படி இருக்கு?”

“ரெண்டும் இருக்கு. விரலுதான் மடங்க மாட்டேங்கு. ரெண்டு நாளு பாய்க்கயித்தப் பிடிச்சதுல நரம்பு போயிருச்சாம். இனி கயிறு தொடக்கூடாதுங்காரு டாக்டரு. சோத்துக்கே ஸ்பூனு வேண்டியிருக்கு, பெரிய வீட்டுப் பிள்ளையாட்டம்.”

சிரித்தான். ஜெனிஸால் சிரிக்க முடியவில்லை. கடலுக்குப் போக முடியாதவனுக்கு இந்தக் கரையில் என்ன வேலை கொடுப்பார்கள்? அந்தப் பங்கு ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதையும் ஒரு வரியில் எடுத்தாயிற்று.

“ஒண்ணு கேக்கட்டாண்ணே? எங்க வக்கீல் இந்துமதியம்மா அந்தப் பேப்பர எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க. ‘உத்தரவின்பேரில் நிறுத்தப்பட்டான்.’ மாமாவுக்கு இப்படிப் பேச வராதுண்ணே. ஏசுனாக்கூட அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல ஓடாது. அது படிச்ச ஆளு பேச்சு.”

ஜெனிஸ் தோணியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் ஏறிய இடத்தில் ஆன்டனி தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து அடைத்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சாரம். அந்த ஓரம் பலகைக்கு வெளியே பிதுங்கி நின்றது.

“மாமா மேல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான் ஆன்டனி. “படகத் தோணியோட கட்டியிருந்த கயிறு அலையில அந்துபோச்சு. அது மட்டும் அறலன்னா எனக்காக அங்கனயே கெடந்திருப்பாரு. கோர்ட்டுலயும் அதத்தான் சொல்லுவேன். கோவம் வேற ஆளு மேல.”

போன் அடித்தது. தோணி முதலாளி வீரபாகு அண்ணாச்சி. எடுக்காமல் இருக்கத் தோன்றியது. எடுத்தான்.

“என்ன தம்பி, எந் தோணி கொலையா பண்ணுச்சு? அரெஸ்டுன்னு ஒட்டிட்டுப் போயிட்டானுவ. காலையில ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா, வாரவன் போறவன் எல்லாம் துக்கம் விசாரிக்கான்.” அண்ணாச்சியின் குரல் துறை முழுக்கக் கேட்டது. “நாலு மணிக்கு நம்ம வக்கீலு கிருபாநிதி சார் ஆபீசு. தண்டல் பதில் மனுவுல கையெழுத்துப் போடணும். மொதல்ல சொன்னத மாத்தாமச் சொன்னாப் போதும்னு சொல்லுதாரு. மத்த நாலு பேரும் என் இன்னொரு தோணியில மாலத்தீவு போயாச்சு. நீதான எழுதுன? நீயே மாமனாரக் கூட்டிட்டு வந்துரு.”

“சரி, அண்ணாச்சி.”

சொல்லிவிட்டுத் திரும்பினான். ஆன்டனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் வீட்டுக்குப் போனான்.

வீடு என்றால் மாமனார் வீடுதான். ரீனா போன பிறகும் மாடி அறையிலேயே தங்கிவிட்டான். போ என்று யாரும் சொல்லவில்லை. முத்தையாபுரத்தில் சொந்த வீடு இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள். அங்கே போனால் ரீனாவின் சேலைகள் இருக்கும் பீரோவை என்ன செய்வது என்று முடிவு எடுக்க வேண்டும். அதனால் போகவில்லை.

ஹில்டா சோறு போட்டாள். ஆன்டனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இந்த வாசல் ஏறவில்லை. பத்து வயதில் தகப்பன் இறந்ததிலிருந்து இங்கே சாப்பிட்டவன். அவன் தட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

கை கழுவி வந்தவனை பெனிஷா கூப்பிட்டாள். ரீனாவின் தங்கை. அக்காவின் சாயல் இல்லை. குரல் மட்டும் அதே குரல்; அதனாலேயே ஜெனிஸ் அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

“அத்தான், இங்கன வாங்க.”

கூடத்துப் பீடத்தில் இயேசுவின் படம், அந்தோணியார், மாலை போட்ட ரீனா. ஓரத்தில் சாண் உயரத்துக்கு ஒரு மாதா சொரூபம். உப்புக்காற்றில் நீலம் வெளுத்திருந்தது.

“அம்மா தெனமும் மெழுகுவத்தி ஏத்துதாவளே. யாருக்கெல்லாம் ஏத்துதாவ, பாத்தியளா?”

பார்த்தான். மூன்று இடத்தில் மெழுகு உருகி வழிந்திருந்தது. சொரூபத்தின் முன்னால் பலகை சுத்தமாக இருந்தது.

“இந்த மாதா எங்கருந்து வந்தது தெரியும்லா?”

“தோணியில சுக்கான் பக்கத்துல இருந்தது. புரோட்டஸ்டுல நானே எழுதினேனே. கரைக்குப் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள்கள். காம்பஸ், பதிவுப் புத்தகம், மாதா சொரூபம் ஒன்று.”

பெனிஷா சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை.

“எழுதி வேற குடுத்தியளா? நல்லது. முத்தையாபுரத்து மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லல போல.”

“என்ன சொல்லல?”

“உதவிக்குப் போற தண்டல் மாதாவ எடுக்க மாட்டாரு அத்தான். தோணியில ஒருத்தன் நிக்கான்னா அவனுக்குத் துணை அவதான். தோணி அவ்வளவுதான், இனி திரும்ப மாட்டோம்னாத்தான் மாதாவ எறக்குவாங்க. அதுவும் கடைசியா, தண்டல் கையால. அவள மடியில வச்சுக்கிட்டுத்தான் படகுல ஏறுவாரு. இந்தத் தெருவுல எந்தப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்.”

ஜெனிஸ் சொரூபத்தைத் திரும்பிப் பார்த்தான். ஆறு வாரமாகத் தினமும் இதன் முன்னால் நின்று ரீனாவின் படத்தைப் பார்த்திருக்கிறான். பொய்யை எழுதிய அதே தாளில், அது பொய் என்பதையும் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

“அண்ணன் மவன் நிக்கிற தோணியிலருந்து தூக்கிட்டு வந்த மாதா” என்றாள் பெனிஷா. “அதுக்கு அம்மா எப்படி மெழுகுவத்தி ஏத்துவா?”

“ஆன்டனி இத வக்கீல்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்ல மாட்டான். நானும் போன்ல சண்ட போட்டுப் பாத்துட்டேன். நாலு பேரு முன்னால மாமாவ நிறுத்தி, மாதாவ ஏன் எறக்கினியன்னு கேக்க மாட்டேங்கான். வாயத் தொறந்தா கேசு ஜெயிச்சுரும். தெரிஞ்சும் தொறக்கல.”

“பெனிஷா, நான்...”

“அக்கா ஒங்க புஸ்தகத்த எனக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கா அத்தான். கைவிட்ட கப்பல் பாடம் எனக்கும் தெரியும்.” அவள் குரல் தணிந்தது. “தெரியாமப் பண்ணிட்டேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிராதிய.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஹில்டா கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜெனிஸ் மாடிக்குப் போகாமல் வாசலில் போய் நின்றான். வெயிலில் கண் கூசியது. மறைத்துக்கொள்ளவில்லை.

நாலு மணி. கிருபாநிதியின் ஆபீஸ் பீச் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே. மக்ரோன் வேகும் வாசனை படியேறி வந்தது.

சிலுவை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் எங்கே போனாலும் நிறைந்து உட்காருகிறவர். வீரபாகு அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொன்னார்.

கிருபாநிதி வாசித்தார். “நான் ஏற்கெனவே புரோட்டஸ்டில் கூறியபடி, தோணியைக் கைவிடுமாறு நான் எவருக்கும் உத்தரவிடவில்லை...”

சிலுவை தரையைப் பார்த்துத் தலையாட்டினார். பேனாவை வாங்கினார்.

“மாமா” என்றான் ஜெனிஸ். “மாதாவ ஏன் கொண்டுவந்திய?”

பேனா நின்றது.

“எந்த மாதா?” என்றார் அண்ணாச்சி. “என்ன தம்பி, கையெழுத்து நேரத்துல கோயில் விசயம்?”

சிலுவை நிமிரவில்லை. அவர் கழுத்து மட்டும் மெல்லச் சிவந்து வருவதை ஜெனிஸ் பார்த்தான்.

“சார், அந்த வரி அவரோடது இல்ல. என்னோடது. எல்லாரையும் இறங்கச் சொன்னதா அவர் எங்கிட்ட முதல்லயே சொல்லிட்டார். அதை எழுதினா ஆன்டனிக்கு என்ன கிடைக்கும், எழுதாட்டா என்ன போகும், எல்லாம் தெரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்.”

கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றினார். “யோசிச்சுப் பேசுங்க. பொய்னு தெரிஞ்சே பத்திரம் தயார் பண்ணேன்னு சொல்றீங்க. வேலை போகும். அதோட நிக்காது.”

“தெரியும் சார். அதுவும் பாடத்துல உண்டு.”

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. சிலுவை நிமிர்ந்து பார்த்தார். தோணி துறையில் நிற்பதைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். அன்றைக்கு மூடி மறைத்ததை இன்று முதலாளியின் முன்னால் வைத்து உரித்தவனும் அவனே.

பெரியவர் பேனாவை மூடினார். மேசையில் வைத்தார். எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

“தண்டல்! ஏ, தண்டல்!” அண்ணாச்சி வாசல் வரை போய்த் திரும்பினார். கோபப்படக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. “என்ன தம்பி இது? ஒத்த வரியத்தான திருப்பிச் சொல்லச் சொன்னேன்?”

ஜெனிஸ் கையெழுத்தில்லாத மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது சிலுவை பீடத்தின் முன்னால் நின்றிருந்தார். சொரூபத்தை எடுத்தார். ஹில்டா தன் பெட்டியைத் திறந்து ஒரு புதுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஆறு வாரத்தில் அவள் அவருக்குக் கையில் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

சிலுவை மாதாவைத் துண்டில் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். ஜெனிஸ் பத்தடி பின்னால் நடந்தான். ஒரு தண்டல் மாதாவைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போகிறார் என்றால், இறக்கிய மாதாவைத் திரும்ப ஏற்றப் போகிறார் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சிலுவை யாரையும் பார்க்காமல் நடந்தார்.

துறையில் வெயில் சாய்ந்திருந்தது. தோணிக்குப் போகும் பலகையின் முன்னால் காவலர் நாற்காலி போட்டிருந்தார்.

“ஏறக்கூடாது பெரியவரே. கோர்ட்டு ஆர்டரு.”

“நான் இதுக்குத் தண்டல்லா?”

“இப்ப இதுக்குத் தண்டல் கோர்ட்டுதான்.”

“இத மட்டும் வச்சுட்டு எறங்கிருதேன்.”

“ஒரு ஆணி உள்ள போகப்படாது, ஒரு ஆணி வெளிய வரப்படாது. எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு.” காவலருக்கும் சங்கடமாக இருந்தது. “கோச்சுக்கிடாதிய.”

ஆன்டனி குத்தியிலிருந்து எழுந்தான். சிலுவை துண்டோடு மாதாவை அவன் பக்கம் நீட்டினார். அவன் கட்டுப் போட்ட கைகளைத் தூக்கினான், பாதியில் நிறுத்தினான்.

“எம் பிடி நிக்காது மாமா. கீழ போட்டுருவேன்.”

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சிலுவை சொரூபத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். காற்றில் பாய்மரத்துக் காகிதம் சடசடத்தது.

“மாப்ள, பேப்பர் இருக்கா?”

ஜெனிஸ் பையிலிருந்த மனுவை எடுத்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இரும்புக் குத்தியின் மேல் தாளை விரித்து, முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

“எழுதுங்க. நான் சொல்லுதத மட்டும் எழுதுங்க. ஒங்க வார்த்த ஒண்ணு வரப்படாது.”

“சரி, மாமா.”

“எல்லாரையும் எறங்குங்கலேன்னு சொன்னேன். மாதாவ எடுத்தேன். இவன் வரல.”

ஜெனிஸ் எழுதினான். பேச்சில் வந்தபடியே எழுதினான்.

“போதும் மாமா” என்றான் ஆன்டனி. “மத்தத நான் சொல்லிக்கிடுதேன். கயிறு அந்துபோனதுல ஒங்க தப்பு என்ன இருக்கு?”

சிலுவை அவனைப் பார்க்கவில்லை. துண்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“கயிறு அறலலே. நான் வெட்டுனேன். எழுதுங்க மாப்ள.”

ஜெனிஸ் எழுதினான். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது, ஆன்டனி தன் மடங்காத விரல்களை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.